எண்ணெய் படக்கூடாது

ஓமத்தின் வாடை அடித்தால் இன்றைக்கும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பிள்ளைக்கு வயிறு உப்பிக் கிடக்கிறது, ஓமத்தண்ணீர் கொடுக்கலாமா என்று யாராவது வந்து கேட்டால் தாராளமாகக் கொடுங்கள் என்பேன். என் கண் முன்னால் மட்டும் வேண்டாம்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. இலங்கை மலைநாட்டில் ரயில் பதுளைக்கு இன்னும் வராமல் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம். ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் தோட்டம் என்றால் துரையுடையது. நாங்கள் அதில் கூலியாட்களின் வரிசை வீடுகளில், லயத்தில் இருந்தோம். அப்பா ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பு முடிந்த பிறகு பதுளை டவுனுக்கு நடந்துபோய்ப் படித்தவர்கள் ஆறு பேர். நாலு பையன்கள், இரண்டு பெண்கள். அதில் ஒருவன் என் அத்தை மகன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். அத்தைக்குப் புருஷன் இல்லை. கொழுந்து பறித்து அவனைப் படிக்க வைத்தாள். அவளுக்கு அவன் ஒரே பிள்ளை.

ஆறு பேரும் சேர்ந்தால் போதும், அட்டகாசம்தான். பையன்கள் வழியில் கிடக்கும் சுருட்டுத் துண்டைப் பொறுக்கிப் பற்றவைத்து, கண்ணில் தண்ணீர் வழிய இருமிவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். கொழுந்துச் சாக்கு மலையிலிருந்து தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு இறங்கும் கம்பியில் தொங்கிப் பார்த்து உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டான் ஒருவன். நான் மட்டும் என்ன யோக்கியம்? ஆற்றில் வெள்ளம் முட்டப் போகும் மழைக்காலத்தில் பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நடந்தவள் நான்தான். விழுந்திருந்தால் எலும்புகூடக் கிடைத்திருக்காது. பயப்படுகிறவர்களைக் கேலி செய்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்பா ஒன்றுதான் சொல்லியிருந்தார். "டவுனுக்குப் படிக்கப் போற பொண்ணு மேல ஒரு புகார் வரட்டும், அன்னைக்கே கூடைதான்." கூடை என்றால் கொழுந்துக் கூடை. அப்பா சொன்னால் சொன்னதுதான்.

வெறுங்காலோடு மலையில் நடக்கிறவர்களின் வயிற்றில் ரத்தம் குடிக்கும் பூச்சி இருக்கிறது என்று சொல்லி, அந்த வருஷம் தோட்டத்தில் எல்லோருக்கும் மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். முந்தின நாள் பொழுது சாயும்போது பேதி உப்பு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு, தினமும் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசை. ஒரு மெல்லிய கூட்டுக்குள் பொடியை அடைத்து ஆளுக்கு ஒன்று கையில் வைப்பார்கள். விழுங்கிவிட்டு வாயை ஆவென்று திறந்து காட்ட வேண்டும். கூட்டைக் கீறிப் பார்த்தால் ஓம வாடை ஆளைத் தூக்கும்.

"அட, ஓமம்தானே" என்றது லயம் முழுவதும். பால் குடிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கிற ஓமம். அதற்கு என்ன பயம்?

மருந்து கொடுப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டரையா என்று கூப்பிடுவோம். களத்தில் நின்று சத்தமாகச் சொன்னார்: "இண்டைக்கு ஒருத்தருக்கும் எண்ணெய் படக்கூடாது. சாராயமும் தொடக்கூடாது. விளங்கிச்சுதோ?" எல்லோரும் தலையை ஆட்டினோம். நன்றாகவே விளங்கியது. அன்றைக்குத் தோட்டத்தில் ஒரு பெண்கூடத் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. அத்தையின் தலை தேங்காய் நார் மாதிரி பறந்துகொண்டிருந்தது.

நாங்கள் ஆறு பேரும் படித்த பிள்ளைகள் அல்லவா, மருந்தை விழுங்குவோமா? கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, ஆவென்று காட்டிவிட்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் போய்த் துப்பினோம். அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான். பிசுபிசுவென்று ஆறு கூடுகள் வெட்டிவிட்ட ஒரு தேயிலைக் கட்டைமேல் கிடந்தன.

"இதை யாரு முழுங்குறது?" என்றான் ஒருவன்.

"ஒன்னு முழுங்கவா, ரெண்டு முழுங்கவா?" என்றான் அத்தை மகன்.

"ஒன்னு முழுங்கவே பயந்து துப்புனவன், ரெண்டாம்ல" என்றேன் நான். "ஓமத்துக்குப் பயந்த ஆம்பளையை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

இந்த வாய் இருக்கிறதே, இதை அன்றைக்கே யாராவது தைத்திருக்கலாம். அவன் என்னை முறைத்துப் பார்த்தபடி ஒவ்வொன்றாக எடுத்து விழுங்கினான். ஆறும். பிறகு என் முகத்துக்கு நேராக வாயை ஆவென்று திறந்து காட்டினான். எல்லோரும் கைதட்டினோம்.

வெயில் ஏறுவதற்குள் அத்தை வீட்டில் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். நெஞ்சும் வயிறும் எரிகிறது என்று சுருண்டு கிடந்தவன், பிறகு முனகல்கூட இல்லாமல் கிடந்தான். நெற்றி குளிர்ந்து வேர்த்திருந்தது. இரண்டு ஆட்கள் அவனைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்த மருந்தறைக்கு ஓடினார்கள். பின்னாலேயே அத்தை, அப்பா, நாங்கள் ஐந்து பேரும்.

அங்கே ஏற்கெனவே தலைசுற்றி வந்தவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரையா அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். "சில பேருக்கு இப்பிடித்தான் இருக்கும். ஒரு குளிசைக்கு ஒண்டும் செய்யாது. வீட்டை கொண்டுபோய்ப் படுக்க விடுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினார்.

ஒன்று இல்லை, ஆறு. அது எங்கள் ஐந்து பேருக்குத்தான் தெரியும். பையன்கள் தரையைப் பார்த்தார்கள். கூடப் படித்த பெண் என் முழங்கையைக் கிள்ளினாள். அப்பா கதவோரம் நின்றார். அத்தையும் அந்த ஆட்களும் கம்பளியின் முனையைத் திரும்பப் பிடித்துவிட்டார்கள். எனக்குக் கூடை தெரிந்தது, பெரட்டு தெரிந்தது, டவுனுக்குப் போகும் வழி தெரிந்தது. எல்லாம் போகட்டும், இவன் போகக் கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

"ஐயா, ஒன்னு இல்லைங்க. ஆறு முழுங்கிட்டான். நாங்க எல்லாரும் துப்பினதையும் சேத்து முழுங்கிட்டான். நான்தான் உசுப்பி விட்டேன்."

டாக்டரையாவின் முகம் மாறியது. அவனை மேசைமேல் போடச் சொன்னார். பிறகு அத்தையைப் பார்த்து, "எண்ணெய் கிண்ணெய் ஏதும் குடுத்தனீங்களோ? உண்மையைச் சொல்லுங்கோ" என்றார்.

"ஐயோ, இல்லைங்க ஐயா. தொட்டுக்கூடப் பாக்கலைங்க" என்று அத்தை தன் தலைமுடியை இழுத்துக் காட்டினாள். பிறகு மகனின் தலையையும் தடவிக் காட்டினாள். "பாருங்க, காஞ்சு கிடக்கு."

அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் அவன் தலையைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தேன். உதடு மினுமினுவென்று இருந்தது. குனிந்து மோந்தேன். ஓமத்தோடு நல்லெண்ணெய் வாடையும் வந்தது. டாக்டரையா சொன்னது ஒன்று, தோட்டமே விளங்கிக்கொண்டது வேறொன்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தலைக்கு இல்லை அத்தை, வாயில. வாயில ஊத்துனீங்களா?"

"சூட்டுக்கு ஊத்துனேன்டி, ரெண்டு கரண்டி. வயிறு எரியுதுன்னானே."

டாக்டரையா தலையில் அடித்துக்கொண்டார். அந்த மருந்து எண்ணெயில் கரைந்தால் உடம்பில் விஷமாக ஏறிவிடுமாம். அதன் பிறகு அவர் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பேதி உப்பைக் கரைத்துப் புகட்டினார், சூடாகக் கடுங்காப்பி கொண்டுவரச் சொன்னார், கை காலைத் தேய்க்கச் சொன்னார். தலைசுற்றி வந்து உட்கார்ந்திருந்தவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டார். அவர்களில் மூன்று பேர் சூட்டுக்கு எண்ணெய் குடித்திருந்தார்கள். மூன்று பேர் தலையும் காய்ந்து கிடந்தது.

அவன் பாதத்தை நான் தேய்த்தேன். கை வலித்தது, நிறுத்தவில்லை. செத்துப்போனால் உன்னை விடமாட்டேன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே தேய்த்தேன். மாலை வெயில் இறங்கும் நேரத்தில் அவன் வாந்தி எடுத்தான், பாதி என் மேல். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஆறும் முழுங்கிட்டேன்ல" என்றான். எனக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. அத்தை அறைந்தாள். அறைந்துவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். வாசலில் நின்று, "நாளைக்குப் பெரட்டுக்கு வந்துரு" என்றார். "வாறேங்கப்பா" என்றேன். அவர் முன்னால் அழவில்லை.

திங்கட்கிழமை மற்ற நாலு பேரும் டவுனுக்குப் போனார்கள். அடுத்த வாரம் அவனும் போனான். நான் கூடையோடு மலை ஏறினேன். துப்பியது ஆறு பேர், கூடை ஒருத்திக்கு. இது என்ன நியாயம் என்று அன்றைக்கும் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன். ஆனால் சொன்னதற்காக ஒரு நாளும் வருத்தப்படவில்லை. படிப்பையும் விடவில்லை. முதல் நாளே அவனைப் பிடித்து, "நீ முழுங்கினது ஆறு. ஆறு வருஷம் அன்னன்னைக்குப் படிச்சதை எனக்குச் சொல்லித் தரணும்" என்றேன். மூன்று வருஷம் சொல்லித் தந்தான். அதற்கு மேல் அவனே படிக்கவில்லை. அவனைக் கட்டிக்கொண்டேனா என்று கேட்காதீர்கள், அது வேறு சண்டை.

சில மாதம் கழித்து மறுபடி மருந்து வந்தது. டாக்டரையா இந்த முறை கவனமாகச் சொன்னார். "ஒருத்தரும் எண்ணெய் உட்கொள்ளக்கூடாது." ஜனங்கள் தலையை ஆட்டினார்கள். உட்கொள்வது என்றால் என்னவென்று யாருக்குத் தெரியும்? திரும்பிப் பார்த்தேன். போன தடவை போலவே அத்தனை தலையும் காய்ந்து கிடந்தது.

"தலைக்கு எவ்வளவு வேணும்னாலும் வைங்க" என்று வரிசையிலிருந்து கத்தினேன். "வாய்க்குள்ள ஒரு சொட்டுப் போகக் கூடாது. அன்னைக்கு அதாலதான் இழுத்துக்கிட்டுக் கிடந்தாங்க."

"உசுப்பி விட்ட கழுதை புத்தி சொல்ல வந்துருச்சு" என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். கங்காணி மகள் என்பதால் மெதுவாகச் சிரித்தார்கள். அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாயை மூடு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நான் மூடுவதாக இல்லை.

அந்த நேரம் அத்தை வந்தாள். வேண்டுமென்றே கடைசியாக வந்திருக்கிறாள். தலையில் எண்ணெய் நெற்றியில் வழிந்து, காது வழியாகக் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரையும் விலக்கிக்கொண்டு நேரே முன்னால் போனாள். மருந்தை வாங்கி விழுங்கினாள், டாக்டரையாவுக்கு வாயைத் திறந்து காட்டினாள், பிறகு வரிசைக்கும் திரும்பிக் காட்டினாள். களத்தின் ஓரத்தில் இருந்த கல்லில் போய் உட்கார்ந்தாள்.

"மத்தியானம் வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன். செத்தேனா பொழைச்சேனான்னு எல்லாரும் பாத்துக்கங்க."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா அவளைப் பார்த்தார், அவள் தலையைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலை. இன்னொரு தரம் சத்தமாச் சொல்லு" என்றார்.

சொன்னேன்.