கண்காட்சி அட்டையில் ஒரு பெயர்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடை விடுமுறையில், சேலத்துக் கலை மன்றம் ஒன்று பெண்களுக்குப் பீங்கான் பயிற்சிப் பட்டறை நடத்தியது. நான் அப்போது ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. பெயருக்குத்தான் ஆசிரியை. பரீட்சை நெருங்கினால் என் வகுப்பைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். ஆண்டு விழா வந்தால் மட்டும் மேடைத் திரைக்கு வர்ணம் அடிக்க என்னைத் தேடுவார்கள். மல்லசமுத்திரம் பக்கம் தோட்டங்காடு உள்ள குடும்பத்தில் பிறந்து, ரயில்வேக்காரரைக் கட்டிக்கொண்டு சூரமங்கலம் குவார்ட்டர்சுக்கு வந்தவள் நான். "படம் போடறதுக்கும் சம்பளம் குடுக்கறாங்களா சாமி?" என்று என் அப்பாவே கேட்டுச் சிரித்திருக்கிறார். எனக்கென்று ஏதாவது ஒன்று வேண்டும் என்ற வெறி அந்த வயதில் இருந்தது. பட்டறை என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

பழைய கிடங்கு ஒன்றைக் கூட்டிப் பெருக்கி மேசை போட்டிருந்தார்கள். பாதிப் பேர் அதிகாரிகளின் மனைவிகள். என் பக்கத்து மேசைக்கு வந்தவர் கோட்டைப் பகுதி முஸ்லிம் வீட்டுப் பெண், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவர் கணவர் கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் கடை வைத்திருந்தார். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை டீச்சர் என்றார்.

பயிற்சி கொடுக்க வந்தவர் வர்ணப் பூச்சுகளை மெட்ராசிலிருந்து பொட்டலமாகக் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் பொட்டலத்தைப் பிரித்துப் பூசினோம். அக்கா மட்டும் கேட்டார், "இந்தப் பச்சைக்கு உள்ளே என்னங்க போடறாங்க?"

"செம்புதாம்மா."

மறுநாள் அக்கா ஒரு பவுடர் டப்பாவோடு வந்தார். கடையில் பழைய காயிலை எரிக்கும்போது செம்புக் கம்பியிலிருந்து உதிரும் கறுப்புச் செதில். அதை இடித்து, துணியில் சலித்து, நாமக்கல் பக்கத்துக் கல் மில்லில் அரைத்த வெள்ளைக்கல் மாவும் புளியவிறகுச் சாம்பலும் கலந்தார். முதல் தடவை சூளையிலிருந்து கரியாக வந்தது. அடுத்து கொப்புளம் கொப்புளமாக வந்தது. ஒவ்வொன்றையும் நோட்டில் பொடி எழுத்தில் குறித்துக்கொண்டார். ஐந்தாவது தடவை சூளையைத் திறந்தபோது அந்தப் பச்சை வந்துவிட்டது. மழை விட்ட மறுநாள் சோளக்காடு இருக்குமே, அது.

"பாத்தீங்களா டீச்சர்!" மண் காயாத கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதைப் பார்த்த பிறகுதான் சுவரில் மாட்டும் அந்தப் பெரிய படத்தை யோசித்தேன். பன்னிரண்டு களிமண் வில்லைகள். சேர்த்து வைத்தால் எங்கள் ஊர்ச் சோளக்காடும் பின்னால் கரட்டுக் குன்றும் தெரியும். வரைந்து செதுக்கியது நான். பூசியது, சுட்டது, வெடித்த இரண்டு வில்லைகளைத் திரும்பப் பூசிச் சுட்டது எல்லாம் அவர்.

பட்டறை முடிவில் கண்காட்சி. பெயர் அட்டைகள் எழுதும்போது மன்றச் செயலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். "பேப்பர்காரங்க வாராங்க. டிப்ளமா படிச்ச டீச்சர் பண்ணதுன்னா ஒரு மதிப்பு. உங்க பேரு மட்டும் போட்டுறலாமா?"

"ரெண்டு பேருந்தானுங்க பண்ணோம்."

"சரி, பாத்துக்கலாம்."

அந்தப் 'பாத்துக்கலாம்' எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. திறப்பு விழா அன்று காலையிலேயே போனேன். அட்டையில் என் பெயர் மட்டும் இருந்தது. விழா மாலை ஐந்து மணிக்கு. என் கைப்பையில் பேனா இருந்தது. அவர் பெயரை எழுத அட்டையில் இடமும் இருந்தது. நான் மேசை விரிப்பைச் சரிசெய்தேன், குத்துவிளக்குக்குத் திரி போட்டேன், மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் பட்டுச்சேலை மாற்றிக்கொண்டு வந்தேன்.

அக்கா கணவரோடு வந்தார். நேராகப் படத்தருகே போய் அட்டையைப் படிப்பதை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தேடித் திரும்புவதற்குள் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். எங்கள் தலைமையாசிரியையும் கூடவே வந்தார். விருந்தினர் ஒவ்வொன்றாகப் பார்த்து வந்து எங்கள் படத்தின் முன் நின்றார்.

"பிரமாதம். இந்தப் பச்சை எப்படிம்மா கொண்டு வந்தீங்க?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அக்கா கைநீட்டினால் தொடும் தூரத்தில்தான் நின்றார். நான் வாயைத் திறந்தேன். எரித்த செம்புக் கம்பி, கறுப்புச் செதில், வெள்ளைக்கல் மாவு, புளியஞ்சாம்பல் என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். "அஞ்சாவது தடவைதானுங்க சரியா வந்துச்சு" என்றுகூடச் சொன்னேன். தலைமையாசிரியை பெருமையாகத் தலையாட்டினார். போட்டோ எடுத்தார்கள்.

கூட்டம் நகர்ந்தபோது அக்காவிடம் அவர் கணவர் கேட்டது என் காதில் விழுந்தது. "ஏம்மா, இது நீ பண்ணதுன்னுதானே சொன்னே?"

"இல்லைங்க. டீச்சர் பண்ணது."

அக்கா டீ குடிக்காமல் போய்விட்டார்.

பேப்பரில் படம் வந்தது. பள்ளியில் அதற்குப் பிறகு என் வகுப்பை யாரும் பறிக்கவில்லை. அடுத்த கோடைப் பட்டறைக்குச் செயலாளர் என்னையே பயிற்சி ஆசிரியையாகப் போட்டார். அங்கேதான் மாட்டினேன். பொருள் எல்லாம் அதேதான், அளவும் எனக்கு நினைவிருந்தது. சுட்டு எடுத்தால் பாசி பிடித்த குட்டைத் தண்ணீர் நிறம். மூன்று தடவையும் அப்படியே.

ஒரு வருஷமாக மன்னிப்புக் கேட்கக்கூடப் போகாதவள், அப்போது டவுன் பஸ் ஏறிக் கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறேன் என்று பஸ்ஸில் எனக்கே சொல்லிக்கொண்டேன். அவர் உட்காரவைத்து, சர்பத் கலந்து கொடுத்தார். என் பிள்ளைகளை விசாரித்தார். நான் எதையோ தொடங்கித் திக்கினேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார்.

"பச்சை வரலையா டீச்சர்?"

தலையை ஆட்டினேன்.

"சாம்பலைக் கழுவணும். மூணு நாள் தண்ணி மாத்தி மாத்தி ஊத்திக் கழுவி, காய வச்சு, அப்புறம் கலக்கணும். வீட்டுல பண்ணிட்டு வருவேன், அதான் நீங்க பாத்திருக்க மாட்டீங்க." உள்ளே போய் அந்த நோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். "எனக்கு இனி எதுக்கு?"

திட்டியிருந்தால் அழுதுவிட்டு வந்திருப்பேன். கேட்க வந்த மன்னிப்பை நோட்டு கைக்கு வந்த பிறகு கேட்டால் அது நன்றி சொல்வதுபோல ஆகிவிடும் என்று தோன்றியது. கேட்காமலேயே எழுந்தேன். "வாரேனுங்க அக்கா" என்றேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

நோட்டைப் பார்த்துப் பதினெட்டுப் பெண்களுக்கு அந்தப் பச்சையைச் சொல்லிக்கொடுத்தேன். புதுச்சத்திரத்திலிருந்து வந்த ஒரு பெண், "இதெல்லாம் யாருங்க கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டாள். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க" என்றேன். அந்தத் தடவை அவர் பெயரைச் சொல்வதால் எனக்கு எந்த நட்டமும் இல்லை. ஆனாலும் வாயில் வரவில்லை.

அதன் பிறகு மூன்று வருஷம், ஒவ்வொரு திறப்பு விழாவுக்கும் அவருக்குத் தபாலில் அழைப்பு அனுப்பினேன். முகவரியை மட்டும் என் கையால் எழுதுவேன், உள்ளே ஒரு வரிகூட எழுதமாட்டேன். அவர் ஒன்றுக்கும் வரவில்லை. நான்காவது வருஷம் செயலாளர் அழைப்புப் பட்டியலைக் காட்டி, "இவங்க வர்றதே இல்லையே, எடுத்துறலாமா?" என்று கேட்டார். எடுத்துவிடுங்கள் என்றேன்.