மேஜைக்கு அடியில் அம்சவள்ளி

எலவனாசூர்கோட்டையில் அம்சவள்ளியைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவள் கரண்டுக்குப் பயப்படுகிற கதையும் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில், ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், அவள் ஓட்டிக்கொண்டு போன செவலைக் காளை வரப்போரத்துக் கரண்டுக் கம்பத்தை இழுத்துக் கட்டியிருந்த ஸ்டே கம்பியில் முதுகைத் தேய்த்தது. தேய்த்த வேகத்தில் கால் மடங்கி விழுந்து செத்தது. கயிற்றை அப்போதுதான் கையிலிருந்து விட்டிருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் எந்த சுவிட்சையும் அவள் விரலால் தொட்டதில்லை. துடைப்பக் கட்டையால்தான் தட்டுவாள். கரும்பு வெட்ட ஆள் கூட்டிவருவாள், கொல்லையில் பாம்பு வந்தால் அவளே அடிப்பாள். லைட்டு போட மட்டும் கட்டை வேண்டும்.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்குள் கொரோனா வருஷத்தில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. மகள் ராதிகா பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோது வேலையையும் கூடவே கொண்டுவந்தாள். நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி எதையோ கேட்டுக் கேட்டுக் குறித்துவைப்பாள். கடலுக்கு அடியில் பதிவு செய்த சத்தம் என்று ஒருமுறை சொன்னாள். அம்சவள்ளி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் கவலையெல்லாம் மேஜைக்கு அடியில் கிடந்த ஒயர்களைப் பற்றித்தான். கறுப்பும் வெள்ளையுமாகப் பின்னிப் புரண்டு, தரையில் கிடந்த பிளக் பெட்டிக்குள் நுழைந்து, அதிலிருந்து இன்னொரு பெட்டிக்குள் போயின. அந்த மூலையை மட்டும் அவள் பெருக்குவதே இல்லை.

கார்த்திகையில் புயல் மழை வந்தது. அதே வாரம் இடஒதுக்கீடு கேட்டுச் சென்னையில் போராட்டம் என்று அவள் வீட்டுக்காரர் ராஜாங்கம் ஊர்க்காரர்களோடு வேன் ஏறினார். அவர் போன அன்று காலை, ராதிகாவின் மேஜைக்கு அடியிலிருந்து கருகல் வாசனை வந்தது. திரை அணைந்தது.

ராதிகா கள்ளக்குறிச்சிக்குப் போன் போட்டாள். ரிப்பேர் பார்க்கிற தங்கதுரை, "எப்படிக்கா வர்றது? ரோட்ல மறிச்சிக்கினு இருக்காங்க, பஸ்ஸே இல்ல" என்றார். "மெயின ஆஃப் பண்ணிட்டு, எல்லாத்தையும் உருவிப் பாருங்க. தரையில தண்ணி கசிஞ்சிருக்கும். பாக்ஸ மேல ஏத்திக் கட்டிடுங்க."

ராதிகா நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குனியப் பார்த்தாள். எட்டாம் மாத வயிறு இடித்தது.

"நீ நவுரு" என்றாள் அம்சவள்ளி.

"வேணாம்மா. உனுக்குத்தான் பயமாச்சே."

"பயந்தான். அதுக்கு நீ குனிவியா?"

ராதிகா மெயினை அணைத்தாள். அம்சவள்ளி அதை இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். புடவையை இழுத்துச் செருகி, ராஜாங்கத்தின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே ஊர்ந்தாள். தரை ஈரமாகத்தான் இருந்தது. முதல் ஒயரைத் தொடும் முன் கை அப்படியே நின்றுவிட்டது. செவலை விழுந்தபோது அதன் கண் திறந்தே இருந்தது.

"மா, இன்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல. இந்த வெள்ளை எதோடது?"

"அது மோடம்."

தொட்டாள். வெறும் ரப்பர்தான். குளிர்ந்து, கொஞ்சம் பிசுபிசுத்தது. அதன் பிறகு ஒவ்வொன்றாக உருவினாள். ராதிகா மேலிருந்து பெயர் சொன்னாள். ஸ்பீக்கர் ஒயரும் பழைய சார்ஜர் ஒயரும் எதிலும் சொருகாமல் சும்மாவே கிடந்தன. கடைசிப் பெட்டியில் ஒரு பிளக்கின் ஓரம் உருகிக் கறுத்திருந்தது. அந்தப் பெட்டியை எடுத்து முற்றத்தில் வைத்தார்கள். நல்லதாக இருந்த இன்னொரு பெட்டியை மேஜையின் அடிப்பலகையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டாள். பழைய புடவைகளைக் கிழித்து, புடலைக் கொடியைப் பந்தலில் ஏற்றிக் கட்டுவதுபோல ஒயர்களை மேஜைக் காலோடு சேர்த்துக் கட்டினாள். மானிட்டருக்குச் சிவப்புத் துணி, மோடத்துக்கு மஞ்சள். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் தரை வெறுமையாக, துடைக்கிற மாதிரி ஆனது.

சுவர் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு ராதிகா மெயினைப் போட்டாள். திரை எரிந்தது. அம்சவள்ளி மூலையில் நின்று முகர்ந்து பார்த்தாள். கருகல் இல்லை.

"உக்காரும்மா" என்றாள் ராதிகா. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்போனைக் காதில் மாட்டினாள். "இத்த கேளு. நார்வேன்னு ஒரு தேசம், அங்க கடலுக்குள்ள மைக்க இறக்கி எடுத்தது."

முதலில் வெறும் இரைச்சல். பிறகு எங்கோ ஆழத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. நீளமாக மேலே ஏறி, நடுங்கி, சரிந்து இறங்கியது. மறுபடி ஏறியது. அம்சவள்ளியின் கைகள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டன.

"யாரு அழுவுறது?"

"அழுவல. திமிங்கிலம் பாடுது. ஆண் திமிங்கிலம். பல மைல் தாண்டி இன்னொண்ணுக்குக் கேக்கும்."

ஒரே ஒரு மாசி மகத்துக்குக் கடலூர் போய்க் கடலைப் பார்த்திருக்கிறாள் அவள். கணுக்கால் நனைய நின்று, ஒரு கை தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு வந்தாள். மேலே இரைகிற அலைதான் கடல் என்று நினைத்திருந்தாள். அதற்குள்ளே, வெளிச்சமே போகாத இடத்தில், கேட்க மனுஷர் யாருமில்லாமல், இப்படி ஒன்று காலகாலமாகப் பாடிக்கொண்டிருக்கிறது. அது அவள் கட்டிய ஒயர் வழியாக இந்த வீட்டுக்கு வந்திருக்கிறது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலை கொதித்து வழிந்து அடுப்பு அணைந்தது கூடத் தெரியவில்லை.

மறுநாள் ராஜாங்கம் தொண்டை கட்டிப்போய் வந்து சேர்ந்தார். வேனை உளுந்தூர்பேட்டை தாண்டிப் போலீஸ்காரர்கள் நிறுத்திவிட்டார்களாம். அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து கோஷம் போட்டுவிட்டு, திரும்பிவந்த லாரி ஒன்றில் ஏறியிருக்கிறார்.

"கிடைக்குமாங்க?" என்றாள் அம்சவள்ளி.

"கேட்டாச்சி. பாக்கலாம்."

அவர் சோறு தின்று முடித்ததும் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள். ஹெட்போனை அவளே மாட்டினாள். ராஜாங்கம் எதையோ கேட்க வாய் திறந்தார். பாட்டு எழுந்ததும், தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கோயிலில் தவிர வேறெங்கும் அவர் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை.

பாட்டு முடிந்து மறுபடி தொடங்கியது. அவர் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. அம்சவள்ளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"போதும், குடுங்க. நானும் கேக்கணும்."