சக்கரத்துக்கு வரன் பார்த்தவன்

பெங்களூர் பொம்மனஹள்ளியில் எனக்கு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் பம்ப் என்று எரிந்துபோன மோட்டார்களோடுதான் முப்பது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். கொரோனா அடங்கிய சமயத்தில் கடைக்குப் புது தினுசில் ஒரு சாமான் வர ஆரம்பித்தது. மின்சாரத்தில் ஓடும் குயவர் சக்கரம். வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில் ஆசைப்பட்டு வாங்கியவர்கள், ஆபீஸ் திறந்ததும் அதைப் பால்கனியில் துணி காயப்போடும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டார்கள். பிறகு மழையில் நனைந்து மோட்டார் போய், "அங்கிள், சரி பண்ணி யாருக்காவது குடுத்துடுங்க" என்று என்னிடம் கொண்டு வந்து இறக்கினார்கள். அப்படித்தான் நான் சக்கரங்களுக்கு வரன் பார்க்கத் தொடங்கினேன்.

பழைய சாமான்தானே என்று கேட்டவருக்கெல்லாம் தூக்கிக் கொடுக்கிற ஆள் நானில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் பாடச் சொல்வார்களே, அதுபோல என்னிடமும் ஒரு பரீட்சை உண்டு. கடையில் என் கண் முன்னால் உட்கார்ந்து, ஒரு பிடி மண்ணை ஓடுகிற சக்கரத்தில் வைத்து, அது ஆடாமல் நடுவில் நிற்கும்படி செய்து காட்ட வேண்டும். பாத்திரமெல்லாம் செய்ய வேண்டாம். மண் நின்றால் சக்கரம் உங்களுடையது, நிற்காவிட்டால் நல்ல மண் பாத்திரமாகக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவேன். மோட்டார் இழுக்கிறதா என்று மண்ணை வைத்து அழுத்திப் பார்த்துப் பார்த்து, நானே அந்த வித்தையைப் பழகிக்கொண்டிருந்தேன். நான் அனுப்பிய சக்கரம் எதுவும் மறுபடி பால்கனிக்குப் போனதில்லை. இந்த விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

போன வருடம் ஒரு பழைய, கனமான சக்கரம் வந்தது. இந்த ஊர்ப் பட்டறையில் யாரோ செய்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, அதைத் தவிர வேறு சுவிட்ச் கிடையாது. அதைக் கேட்டு நீலசந்திராவிலிருந்து ஒரு அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். மண் பாத்திரம் செய்யச் சொல்லித்தரும் ஒரு பாட்டரி கிளாஸில் எட்டு வருடமாகப் பெருக்கித் துடைத்து வாளி கழுவுகிற வேலை. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, பார்த்தே கற்றுக்கொண்டேன் என்றார். கிளாஸ் நடத்தும் மேடம் மதியம் சாப்பிடப் போகும் நேரத்தில், மூலையிலிருக்கும் சக்கரத்தில் தினமும் பழகுவாராம். கைப்பிடி இல்லாத அறுபது குவளை செய்துதரச் சொல்லி ஒரு காபிக் கடைக்காரர் கேட்டிருந்தார். சுட்டுக் கொடுக்க வேறொரு ஸ்டூடியோவில் பேசியாகிவிட்டது. ஆனால் மாதம் முடிந்தால் கிளாஸை மூடிவிட்டு மேடம் வெளியூர் போகிறார்.

"சக்கரம் கெடச்சா பொழச்சுக்குவேண்ணா. இல்லேன்னா மறுபடியும் அபார்ட்மெண்ட்ல ஹவுஸ்கீப்பிங்தான்."

விலையில் பேரம்கூடப் பேசவில்லை. உட்காரச் சொன்னேன். மண்ணை வைத்தார், கை வைத்த மறுகணம் மண் கோணிக்கொண்டு தட்டில் போய் விழுந்தது. கையை எடுத்துவிட்டுச் சக்கரத்தையே பார்த்தார்.

"அண்ணா, இது தப்பா சுத்துதுண்ணா."

எனக்குச் சுருக்கென்று வந்தது. காயில் கட்டியவன் நான்.

"சக்கரம் தப்பா சுத்தாதும்மா. கைதான் தப்பு" என்றேன்.

இன்னொரு முறை முயன்றார். இன்னொரு முறை விழுந்தது. மண்ணை வழித்துக் கவரில் போட்டார், சக்கரத்தையும் தட்டையும் ஒரு பொட்டுச் சேறு இல்லாமல் துடைத்து வைத்தார், போய்விட்டார். இவ்வளவு பழகிய கை தப்பு செய்யுமா என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாளே ஐடி கம்பெனியில் வேலை செய்யும் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மூன்று மாதம் கிளாஸ் போனவர்கள். மண் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா வேலை செய்த கிளாஸுக்கே போக வேண்டியிருந்தது. மண் சுடும் சூளையை விற்றுக் கொடுக்கச் சொல்லி மேடம் முன்பே கூப்பிட்டிருந்தார், என் நம்பர் அந்த அம்மாவுக்குக் கிடைத்ததும் அவரிடமிருந்துதான். மேடம் கன்னடக்காரர். அவரிடம் நான் 'ஓவன்' என்றுதான் சொல்வேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கன்னடக்கார வீட்டுக்குப் போன் போட்டு, உங்கள் வீட்டில் சூளை இருக்கிறதாமே என்று கன்னடத்தில் விசாரித்து, வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அந்த ஒலிக்குக் கன்னடத்தில் பெண்களைக் கேவலமாகத் திட்டுகிற பொருள். எனக்கு நேரான சொல் எதிராளி காதில் வேறாக விழும் என்று அன்றே படித்த பாடம்தான். படித்து என்ன பிரயோஜனம்?

"அந்த அம்மா இல்லையா?" என்று கேட்டேன்.

"ஏதோ அபார்ட்மெண்ட்ல வேலைக்குக் கேக்கப் போயிருக்கா" என்றார் மேடம்.

சூளையின் வயர்களைக் கழற்றி முடித்தேன். அங்கிருந்த ஐந்து சக்கரங்களும் மேடத்தோடு வெளியூர் போகிறவை. இருந்தாலும் கை சும்மா இருக்குமா, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மூலையில் இருந்தது மட்டும் எதிர்ப்பக்கமாக ஓடியது.

"இது மட்டும் ஏன் மேடம் உல்டாவா ஓடுது?"

"அதுவா? தினமும் காலையில நான்தான் சுவிட்சை மாத்தி வைக்கறேன். மறுநாள் பாத்தா மறுபடி ரிவர்ஸ்ல இருக்கும். இன்னிக்கு இன்னும் மாத்தல. ஸ்டூடண்ட்ஸ் யாரோ சும்னே ஆட்டம் ஆடறாங்க."

அதை ஓடவிட்டுவிட்டே கை கழுவப் போனேன். வாளிகள் கழுவும் தொட்டி. அதற்கு மேலே சுவரில் பெரிய முகம் பார்க்கும் கண்ணாடி. நிமிர்ந்தேன். கண்ணாடிக்குள் அந்த மூலைச் சக்கரம் சரியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன், உல்டா. மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன், சரி.

குழாயை மூட மறந்து நின்றேன். வேலைக்கு வைத்த ஆள் கிளாஸைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்க முடியுமா? எட்டு வருடமாகக் கிளாஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாளி கழுவியபடி, இந்தக் கண்ணாடியில்தான் அந்த அம்மா பாடம் படித்திருக்கிறார். கண்ணாடிக்குள் மேடத்தின் வலது கை இடது கையாகத் தெரியும், சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். பார்த்ததை அப்படியே கையில் ஏற்றிக்கொண்டு, அதற்குத் தோதாகச் சுவிட்சையும் கண்டுபிடித்திருக்கிறார். என் கடைச் சக்கரத்தில் அந்தச் சுவிட்ச் இல்லை. தப்பாகச் சுற்றுகிறது என்று வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறார்.

வெட்கமாக இருந்தது. எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கேட்காமல் ஒரு தண்ணீர் பம்புக்குக்கூட நான் கனெக்‌ஷன் கொடுத்ததில்லை. ஒரு மனுஷியிடம் கேட்கவில்லை.

தெருவில் இறங்கியதும் ஐடி தம்பதிக்குப் போன் செய்தேன். சொன்ன சொல்லை நான் மாற்றியது அதுதான் முதல் தடவை. "அந்த வரன் வேற எடத்துல அமைஞ்சிடுச்சுங்க, அடுத்து வர்றது உங்களுக்குத்தான்" என்றேன். அந்தப் பெண் நன்றாகத் திட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

வெயில் தாழ்வதற்குள் டெம்போவில் சக்கரத்தை ஏற்றிக்கொண்டு நீலசந்திரா போய்விட்டேன். டெம்போக்காரரும் நானும் சந்துக்குள் அதைத் தூக்கி வருவதைப் பார்த்து அந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னண்ணா இது? திங்கக்கெழமையிலிருந்து என்னை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்களே."

"தப்பு என்மேலதாம்மா. நீ சொன்னதை நான் காதுல வாங்கல" என்றேன். மோட்டார் பெட்டியைத் திறந்து இரண்டு வயரை இடம் மாற்றி மாட்டினேன். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை அன்றைக்கே கொடுத்திருக்கலாம்.

மண்ணை வைத்து உட்கார்ந்தார். சக்கரம் உல்டாவாகச் சுற்றியது, அவருக்கு நேராக. மண் ஒரு முறைகூட ஆடவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழிந்து, சுவர் எழுந்து, குவளையாக நின்றது. என் கடைக்கு வந்த யாரும் அத்தனை சுளுவாகச் செய்து நான் பார்த்ததில்லை. அதை நூலால் அறுத்து எடுத்துப் பலகையில் வைத்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கன்னத்தில் சேறு ஒட்டியது.

"திங்கக்கெழமை வரலேன்னு சொல்லிடறேன்" என்றார். பிறகு எழுந்து நின்று, முக்காலியைக் காட்டினார்.

"இப்ப நீங்க உக்காருங்கண்ணா."

எத்தனை பேருக்குப் பரீட்சை வைத்தவன், மாட்டேன் என்று சொல்ல முடியுமா? உட்கார்ந்தேன். அவரே ஒரு பிடி மண்ணை எடுத்து வைத்தார். கை வைத்ததுதான் தெரியும், மண் கிளம்பி வந்து என் சட்டையில் அப்பிக்கொண்டது.

"சக்கரம் தப்பா சுத்தாதுண்ணா" என்றார், கையில் துணியோடு. "கைதான் தப்பு."