விமானக் கழிவறையில் கொட்டிய மாத்திரைகள்

ஒற்றைத் தலைவலி என் மனைவியைவிட எனக்குச் சீனியர். வந்தால் வெளிச்சம் ஆகாது, வாந்தி நிற்காது. தெரிந்தால் லைனைவிட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று ஒரகடம் தொழிற்சாலையில் யாரிடமும் சொன்னதில்லை. லீவு போட்ட மறுநாள் ஏதாவது ஜோக்கடித்துச் சமாளிப்பேன்.

புது மெஷினைப் பழக என்னையும் பென்னலூர் செல்வத்தையும் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். விமானத்தில் அவன் காதைக் கடித்தான்: "ண்ணா, டாக்டர் சீட்டு இல்லாம மாத்திரை கீதுன்னா அங்க நேரா ஜெயிலுதான்."

என் பையில் சீட்டில்லாமல் வாங்கிய தலைவலி மாத்திரை அட்டை அட்டையாக இருந்தது. ஜெயிலில் தயிர்சாதம் கிடைக்குமா என்று வேறு கவலை. கழிவறைக்கு ஓடி, கடத்தல்காரன் மாதிரி வியர்த்தபடி, அத்தனையையும் பிதுக்கிக் கொட்டினேன். ஜப்பானில் இறங்கியதும் சுங்க அதிகாரி என் ஊறுகாய் பாட்டிலைப் பார்த்துச் சிரித்ததோடு சரி.

பயிற்சி தொடங்கியதுமே தலை பிளந்தது. விடுதி ஜன்னலுக்குப் போர்வை கட்டி, செத்துவிடுவேன் என்று கிடந்தேன். பக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருந்த செல்வத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தமாசுக்குத்தான் சொன்னேன்ணா," என்று அழுதான். "உனக்கு இப்டி கீதுன்னு தெரியாதே."

திட்ட வாய் வரவில்லை. பல வருஷம் பக்கத்து மெஷினில் நின்றவனுக்கே தெரியாதபடி மறைத்தவன் நான்தானே.

ஊர் திரும்பியதும் மேலதிகாரியிடம் நானே போய்ச் சொன்னேன். பயந்தபடியே லைனைவிட்டுத் தூக்கிவிட்டார்கள். இப்போது ஸ்டோரில் அட்டைப்பெட்டி அடுக்குகிறேன். தலை வலித்தால், வலிக்கிறது என்கிறேன்.