செல்லத்துரை நாக்கில் வைத்த கல்

செல்லத்துரை என்ற பெயரை நான் முதலில் கேட்டது, என் நாத்தனார் மகள் சாந்தம்மாளுக்கு வரன் பேசிய அன்று. மறையூரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் பாகுக்குப் பதம் பார்க்கிறவன் என்றார்கள். கல்யாணமான மறுவருஷம் கொட்டகையில் வேலை குறைந்துபோய், வடக்கே ஒரு ஈயச் சுரங்கத்தில், ஆராய்ச்சிக்கு வரும் கல்லை அறுத்து மெருகேற்றப் போனான். தற்காலிக வேலை. நிரந்தரமானால்தான் குவாட்டர்ஸ் தருவார்கள். அது கிடைத்தால்தான் ஆறு மாதக் கர்ப்பிணியான சாந்தம்மாளை அழைத்துக்கொள்ள முடியும்.

அங்கே கல்லை ஆராய்கிற மேடம் யோகப்பிரியா, எலப்புள்ளி என்ற ஊர்ப் பெண். முதல் வாரம், மெருகேற்றிய துண்டைத் திருப்பிப் பார்த்த செல்லத்துரை, கொட்டகைப் பழக்கத்தில் அதை நாக்கு நுனியில் வைத்துவிட்டான்.

“ஏனுங்கண்ணா, அது வெல்லமில்லீங்க, ஈயமுங்க. துப்பிட்டு வாயக் கொப்பளிங்க.”

“இனிக்கல மேடம்,” என்றானாம்.

அவள் சிரித்துவிட்டாள். பாதுகாப்பு அதிகாரி சிரிக்கவில்லை. இந்த ஆளை மாதக் கடைசியில் அனுப்பிவிடவும் என்று எழுதிவைத்தார். அன்று போனில் சாந்தம்மாளிடம் செல்லத்துரை அதைச் சொல்லவில்லை. பிள்ளை உதைக்கிறதா என்று மட்டும் கேட்டான்.

மாதம் முடிய நாலு நாள் இருந்தது. யோகப்பிரியா ஒரு துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்திருந்தாள். பொன்போல மின்னும் இரும்புக் கந்தகமும் சாம்பல் நிற ஈயக் கந்தகமும் அதில் பின்னிக் கிடந்தன.

“ரெண்டும் ஒண்ணாத்தான் உண்டாயிருக்குமாட்ட இருக்குதுங்க,” என்று சொல்லி, அப்படியே எழுதப் போனாள்.

“கொஞ்சம் பொறுங்க மேடம். குறுக்க அறுத்துப் பாத்துருவோம்.”

குறுக்கே அறுத்த முகத்தில் மஞ்சள் மணிகள் உடைந்து கிடந்தன. ஒன்றின் முனை மற்றதன் பள்ளத்தில் பொருந்தும்போல இருந்தது. நடுவே சாம்பல் நிற ஈயம் ஓடியிருந்தது.

“கொப்பரையில ஒட்டுன வெல்லம் காஞ்சு வெடிச்சிருக்கும். அடுத்த பாகு ஊத்தும்போது வெடிப்புக்குள்ள எறங்கும்லா? மஞ்சள்தான் மூத்தது மேடம். ஈயம் பிந்தி வந்தது.”

“ஆமாங்கண்ணா. பூமிக்கடியில அந்தப் பாகு சுடுதண்ணிங்க. பாறை வெடிச்ச வழியாத்தான் ஈயத்தக் கொண்டாந்திருக்குது. அப்ப அந்த வெடிப்பு போற பக்கந்தான் நாம தோண்டோணும்.”

அறிக்கையில் அறுத்தவர் பெயர் என்று செல்லத்துரையையும் எழுதினாள். அதைப் பார்த்த அதிகாரி, அவன் ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லி, குறை ஒன்றும் இல்லை என்றான பிறகு தன் குறிப்பைக் கோடிட்டு அடித்தார்.

நிரந்தர உத்தரவு வந்தபோது மகளுக்கு இருபது நாள். இன்றும் வேலை முடிந்து, ஈயத் தூசு போகத் தலையோடு குளித்து, வாய் கொப்பளித்த பிறகுதான் அவளைத் தூக்குகிறான். சுரங்கத்துக் குவாட்டர்ஸில் மூன்று பேரும் ஒன்றாக இருக்கிறார்கள்.