வில்லை விட்டு எடுக்காத கை

நாணின் ஒரு வளையத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி, மறு வளையத்தைக் கையில் பிடித்து ஜலஜா முறுக்கிக்கொண்டிருக்கிறாள். வாயில் எண்ணிக்கை, அடுப்பில் குக்கர். "நாலு, அஞ்சு..." என்னும்போது விசில் வந்துவிடுகிறது.

"அக்கா, இப்ப அஞ்சுன்னு சொன்னேனே, அது முறுக்கா விசிலா?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் இட்லி மாவு கொடுக்க வந்தவள். அத்தனை முறுக்கையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறாள். அன்று அவர்கள் வீட்டுப் பருப்பு ரசமாகிவிட்டது.

லோத்குண்டாவில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள் ஜலஜா. வயது முப்பத்தொன்பது. தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்து செகந்திராபாத்திலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி வந்து அவளைக் கச்சிபௌலிக்கு அள்ளிக்கொண்டு போகும். மற்றவர்கள் கம்ப்யூட்டரில் எழுதி வைத்ததில் தப்பு கண்டுபிடிப்பது அவள் வேலை. "அங்க தப்பு கண்டுபிடிச்சா சம்பளம் தர்றாங்க. இங்க கண்டுபிடிச்சா நான் சும்மா கேட்டுக்கணும்" என்பார் அவள் வீட்டுக்காரர் சாய்குமார்.

அவள் கை ஒரு நிமிஷம் சும்மா இராது. ஹோட்டலில் மேஜை ஆடினால் சாப்பாடு வருவதற்குள் காகிதத்தை மடித்துக் காலுக்கு அடியில் செருகிவிடுவாள். என் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளை நான் கேட்காமலே மூன்று தடவை கழற்றி மாட்டியிருக்கிறாள். ஒருநாள் கோயிலில் தீபாராதனைக்குக் கண்ணை மூடித் திறக்கிறேன், இவள் உண்டியல் பூட்டை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "லூசா இருக்கு அக்கா" என்றாள். பூசாரி அவளைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் முதுகுவலிக்கு டாக்டர் ஏதாவது விளையாடச் சொன்னார். மைதானத்துக்குப் போனவள் வில்லோடு திரும்பி வந்தாள். போட்டியில் அம்பு விடும் வில். எங்கு பார்த்தாலும் திருகாணி. அவளுக்கு வேறென்ன வேண்டும்?

அவளோடு அம்பு விடுகிறவர்கள் எல்லோரும் போட்டிக்கு முன்னால் வில்லை அப்துல் ரஹீம் பாய் கடையில் விட்டு எடுத்து வருவார்கள். ரெஜிமெண்டல் பஜார் சந்தில் சின்னக் கடை. டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டுவார், வில்லையும் சரிபார்த்துக் கொடுப்பார். ஜலஜா மட்டும் வாங்கிய புதிதில் போனதோடு சரி.

"கடைக்கா? நக்கோ அக்கா, வேணாம். அவரு இடுக்கியில மாட்டின வில்லைச் சரி பண்ணுவாரு. நான் பிடிக்கறது என் தோள்ல. என் தோளு அவருக்குத் தெரியுமா?"

அதுவும் நியாயம்தானே என்றுதான் எனக்கும் தோன்றும்.

வீட்டிலேயே சோதனை செய்வாள். மொட்டை மாடியில் கொடிக்கயிற்றில் செய்தித்தாளைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் பழந்துணி அடைத்த சாக்கு மூட்டைகளை அடுக்கி, ஆறடி தள்ளி நின்று அம்பு விடுவாள். காகிதம் கிழிந்திருக்கும் விதத்தைப் பார்த்து அம்பு நேராகப் போனதா, வாலை ஆட்டிக்கொண்டு போனதா என்று சொல்லிவிடுவாள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன், சாமி படம் இருக்கிற தாள் வேண்டாம் என்று. அன்றுமுதல் ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துத்தான் மாட்டுவாள். நவராத்திரி சமயத்தில் பாவம், பக்கத்துக்குப் பக்கம் அம்மன். விளையாட்டுப் பக்கமும் கல்யாண விளம்பரமும்தான் அவளுக்கு மிஞ்சும்.

இந்த வருஷம் ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது. அந்த வார ஞாயிறே மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி. போன வருஷம் மூன்று புள்ளியில் விட்டுவிட்டாள். வரும் ஜனவரியில் கம்பெனி அவளை இரண்டு வருஷத்துக்கு அமெரிக்கா அனுப்புகிறது. "இந்த ஞாயித்துக்கிழமை இல்லன்னா இல்லவே இல்ல அக்கா" என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டு அரிவாள்மணை, தையல் மிஷின், அவளுடைய லேப்டாப், ஸ்கூட்டர் சாவி எல்லாவற்றோடும் வில்லையும் சாமி முன்னால் வைத்தோம். நான்தான் சந்தனம் குங்குமம் இட்டேன். பிடிக்கு ஒன்று, வில்லின் மேல்கை, கீழ்கைக்கு ஒவ்வொன்று. அம்பு சாய்ந்து நிற்கிற இடத்தில் பேனா முனை மாதிரி, அம்பு உரசினால் உள்ளே அமுங்கி மீளும் ஒரு சின்னப் பொத்தான் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் ஒன்று. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. அந்த ஒருநாள் ஜலஜா பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! நாலு தடவை மாடியிலிருந்து இறங்கி வந்து பூஜை அறை வாசலில் நின்றுவிட்டுப் போனாள்.

விஜயதசமி காலையில் ஈரத்துணியால் பொட்டையெல்லாம் துடைத்துவிட்டு மாடிக்குப் போனாள். விட்ட அம்பெல்லாம் இடது பக்கம். பொத்தானின் திருகைத் தளர்த்தினாள், இடது. நாணை மூன்று முறுக்கு ஏற்றினாள், இடது. வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். நாணில் அம்பு மாட்டும் இடத்தில் சுற்றிய நூலை அறுத்துவிட்டு வேறு இடத்தில் சுற்றினாள். வில்லின் இரண்டு கைகளையும் பிடித்திருக்கிற ஆணிகளைத் திருகினாள். இப்போது இடதோடு மேலும் கீழுமாகவும் போக ஆரம்பித்தது. சாப்பிடவில்லை. என்ன கேட்டாலும் "எதுக்கு அக்கா கேக்கறீங்க?" என்று எரிந்து விழுந்தாள். நான் கீழே விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். மேலே டப் டப்பென்று மூட்டையில் அம்பு விழுகிற சத்தம். என் மனசும் ஒரு நிலையில் இல்லை.

சனிக்கிழமை காலை சாய்குமார் வில்லைப் பெட்டியில் வைத்து ஸ்கூட்டர் சாவியை என் கையில் கொடுத்தார். "அக்கா, பாய் கடைக்கு நீங்க கூப்பிட்டா வருவா."

வந்தாள்.

ரஹீம் பாய் வில்லை வாங்கிக்கொண்டு, "என்னென்ன மாத்தினீங்க பெஹன்?" என்று தங்கச்சியைக் கேட்கிற மாதிரி கேட்டார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். ஜலஜா சொல்லிக்கொண்டே போனாள்.

"டாக்டர்கிட்ட வர்றதுக்கு முந்தி நாலு மருந்து தின்னுட்டு வந்தா, எது நோவு, எது மருந்துன்னு நான் எப்படிச் சொல்றது?"

பிறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தவர் அந்தப் பொத்தானை அழுத்தினார். உள்ளே போகவில்லை. கழற்றி வெள்ளைத் துணிமேல் தட்டினார். மஞ்சளாகக் கொஞ்சம் தூள் உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனவர் சிரித்துவிட்டார். "சந்தனம்!"

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. "நான்தாம்மா வச்சேன்" என்றேன்.

ஜலஜா அந்தத் தூளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வச்சது நீங்க அக்கா. ஈரத்துணியால தேச்சு உள்ள தள்ளினது நான். அப்புறம் ரெண்டு நாளா வில்லு மொத்தத்தையும் சந்தேகப்பட்டு அக்கக்கா கழட்டினதும் நான்தானே?"

"பூஜை பண்ணுங்க அம்மா, வேணாம்னு சொல்லல" என்றார் பாய் என்னிடம். "பொட்டு பிடியில வைங்க. பொத்தான்ல மட்டும் நக்கோ."

வில் வாங்கிய புதிதில் அவள் கைக்குப் பார்த்து அமைத்த அளவுகளை அவர் ஒரு பழைய நோட்டில் குறித்து வைத்திருந்தார். அதைப் பார்த்து எல்லாவற்றையும் பழையபடி கொண்டுவர மதியமாகிவிட்டது. கடைக்குப் பின்னாலேயே பத்து அம்பு விட்டுப் பார்த்தாள். நடுவில் இல்லை, நடுவுக்குக் கொஞ்சம் இடப்புறம். ஆனால் பத்தும் ஒரே இடத்தில், ஒரு சாசருக்குள் அடங்கும்படி.

"இன்னும் அரைத் திருகு..." என்று கை நீண்டது.

"நாளைக்கு வெயில் வேற, காத்து வேற. குறி பாக்கற முள்ளை மட்டும் அங்க நகர்த்திக்குங்க. மத்த எதையும் தொடாதீங்க. உங்க தோளு எனக்குத் தெரியாதுன்னு நீங்க சொல்றது என் காதுக்கும் வந்துச்சு பெஹன், ஒத்துக்கறேன். உங்க கையை எனக்குத் தெரியும்."

ஞாயிறு காலை மைதானத்தில் நானும் போய் உட்கார்ந்தேன். முதல் ஆறு அம்பில் நாலு நடு மஞ்சளில், இரண்டு இடது பக்கச் சிவப்பில். குறிமுள்ளை ஒரு கோடு நகர்த்திவிட்டு என் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள். எதிரே தாங்கியில் வில் நின்றது. சுற்றிலும் மற்றவர்கள் எதையோ திருகிக்கொண்டும் அளந்துகொண்டும் இருந்தார்கள். அவள் பார்வை பொத்தானுக்குப் போயிற்று, ஆணிக்குப் போயிற்று, நாணுக்குப் போயிற்று. வலது கை மடியிலிருந்து கிளம்பியது. நான் முருகா என்று வாய்க்குள் சொன்னேன்.

ஜலஜா இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே அழுந்த உட்கார்ந்துகொண்டாள்.