ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சட்டை அளவு

எரிமலை கொதித்தாலும் ஆள் அனுப்பி மூக்கு மெக்கானிக்கைத்தான் கூப்பிடும். ஒருமுறை மோந்து பார்த்தே எந்தக் குழாயில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவரின் சொந்த வண்டிதான் மேடு ஏறினாலே கொதித்தது. கட்டிலும் அடுப்பும் வைத்த பழைய வேன் அது. வீட்டை விற்றுவிட்டு, மனைவியோடு அதிலேயே ஊர் ஊராகச் சுற்றப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தார்.

தண்ணீர் குறையவில்லை. பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. சூடேறினால் திறந்து தண்ணீர் விடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சமையலறைப் பாத்திரத்தில் கொதிக்க வைத்தார், சமர்த்தாகத் திறந்தது. மூன்றாம் நாள், மண்டை காய்ந்துபோய், முன்பக்கக் கம்பித் தடுப்பைக் கழற்றினார். ரேடியேட்டருக்குக் காற்றே போகாதபடி ஓர் அட்டை செருகியிருந்தது. அதில் தையல் சாக்பீஸால் தோள், கை, கழுத்து அளவுகள். அவருடைய சட்டைக்காக மனைவி வெட்டி வைத்திருந்த அட்டை.

அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தையல் மெஷின் முன்னால் நின்றார். "கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேடி!"

மனைவி காலை மிதியிலிருந்து எடுக்கவில்லை. "வீட்டை விக்கப்போறீங்கன்னு எதிர்வீட்டுக்காரி சொல்லித்தானே எனக்கே தெரியும்? முதல்ல பறிச்சது யாருங்க?"